வீட்டு சர்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு கணினியை இரவும் பகலும் ஓடவிட்டு, போட்டோ, கோப்பு, வீடியோ, பாஸ்வேர்டு என்று எல்லாவற்றையும் நாமே வைத்துப் பார்த்துக்கொள்வதைத்தான் இங்கே வீட்டு சர்வர் என்கிறேன். பல வருடங்களாக இதுதான் என் பொழுதுபோக்கு. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான்: பெட்டி என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம், உள்ளே இருக்கிற தரவு போகக்கூடாது.

ஆரம்பிக்க என்ன கணினி வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். வீட்டு அலமாரியில் பழைய லேப்டாப் ஒன்று கிடந்தால் அதை எடுங்கள். 64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம் இருந்தால் கோப்புப் பகிர்வு, விளம்பரத் தடுப்பு எல்லாம் தாராளமாக ஓடும். போட்டோக்களில் முகம் அடையாளம் காண்பது மாதிரி வேலை வேண்டுமென்றால் 8 ஜிபி இருப்பது நல்லது. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் கூடவே இருக்கின்றன, மின்சாரம் குறைவாகத்தான் இழுக்கும், கரண்ட் போனால் பேட்டரி தாங்கிக்கொள்ளும். தனியாக யூபிஎஸ் வாங்காமலேயே ஒரு யூபிஎஸ் கிடைத்த மாதிரி.

இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். லினக்ஸில் லாகின்டி என்ற சேவையின் அமைப்புக் கோப்பில் ஹேண்டில்-லிட்-ஸ்விட்ச் என்கிற வரியை இக்னோர் என்று மாற்றிவிட்டால் சாத்திய பிறகும் ஓடும். அடுத்தது பேட்டரி. எந்நேரமும் நூறு சதவீத சார்ஜில், சூட்டிலேயே இருக்கிற லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பலாம். டச்பேட் லேசாக மேலே தூக்கியிருக்கிறதா, கிளிக் செய்யும்போது கெட்டியாக இருக்கிறதா, மூடி ஒரு பக்கம் சரியாகப் பொருந்தவில்லையா என்று அவ்வப்போது விரலால் தடவிப் பாருங்கள், இதுதான் முதல் அறிகுறி. பல லேப்டாப்புகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லும் வசதி, கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸிலேயே உண்டு, அதை முதல் நாளே போட்டுவிடுங்கள். உப்பிவிட்டதென்றால் யோசிக்கவே வேண்டாம், அணைத்து, பேட்டரியைப் பத்திரமாகக் கழற்றி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குத்துவதும் அழுத்துவதும் கூடாது.

ராஸ்பெர்ரி பை போதாதா?

போதும், பலருக்கு. 2012-ல் வந்ததிலிருந்து இந்தப் பொழுதுபோக்குக்குள் எத்தனையோ பேரை இழுத்துவந்தது அந்தக் குட்டிப் பலகைக் கணினிதான், எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் சர்வராக வைப்பதென்றால் 2019-ல் வந்த பை 4 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். அதற்கு முந்தையவற்றில் நெட்வொர்க்கும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பங்குபோட்டுக்கொள்வதால் கோப்பு நகல் எடுப்பது நத்தை வேகத்தில்தான் நடக்கும்.

பையில் இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன. மெமரி கார்டு ஒன்று. நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்புகளும் டேட்டாபேஸும் நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்க, சாதாரண எஸ்டி கார்டு அந்த எழுத்துச் சுமைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒருநாள் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்கிற நிலைக்குப் போய் நின்றுவிடும். அதனால் எஸ்எஸ்டி என்கிற சுழலாத டிஸ்கிலிருந்தே பூட் ஆகும்படி வைத்துவிடுங்கள். இன்னொன்று சார்ஜர். பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். கையில் கிடைத்த போன் சார்ஜரைச் செருகினால் பூட் என்னவோ ஆகும், ஆனால் யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும், அதில் தொங்குகிற டிஸ்க் கொஞ்சம் வேலை அதிகமானதும் துண்டித்துக்கொள்ளும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று வந்து சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது சார்ஜரைப் பற்றித்தான்.

சென்சார், ரிலே மாதிரி மின்னணு வேலைகள் பிடிக்குமென்றால் பை எடுங்கள். வெறும் கோப்பும் வீடியோவும் என்றால் அலுவலகங்களில் கழித்துவிடும் சின்ன மினி கணினி ஒன்று அதைவிட வசதி.

பெரிய ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். டேட்டா சென்டர் அலமாரிகளில் அடுக்கும் அந்தப் பெட்டியின் விசிறிச் சத்தத்தில் பக்கத்து அறையில்கூடத் தூங்க முடியாது. அப்புறம் மின்சாரம். ஒரு வாட் சுமை வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட் ஆகிறது. சும்மா இருக்கும்போதே 100 வாட் இழுக்கிற ரேக் சர்வர் வருடத்துக்கு 876 யூனிட் தின்னும், 10 வாட் லேப்டாப் 88 யூனிட்டோடு நின்றுவிடும். எதை வைத்திருந்தாலும் சாக்கெட்டில் செருகுகிற வாட் மீட்டர் ஒன்று வாங்கி, வேலை இல்லாத நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். வீட்டு சர்வர் நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும், ஆகவே அந்த எண்தான் முக்கியம்.

எந்த இயங்குதளம்?

டெபியன். 1993-ல் ஆரம்பித்த திட்டம், ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட். போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்கிற அளவுக்கு அமைதியானது, சர்வருக்கு அந்தக் குணம்தான் வேண்டும். ஒரே பெட்டியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பழக ஆசை இருந்தால் பிராக்ஸ்மாக்ஸ் போடுங்கள், அதுவும் டெபியன்மேல் கட்டியதுதான்.

ஆனால் இயங்குதளத்தைவிட நான் வலியுறுத்துவது டாக்கர் கம்போஸ். டாக்கர் ஒவ்வொரு சேவையையும் அதற்கு வேண்டியதோடு தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் மென்பொருள், கம்போஸ் அந்தப் பொட்டலங்களை எழுதிவைக்கும் வழி. ஒரு சேவைக்கு எந்த போர்ட் (சேவைக்கான எண்ணிட்ட வாசல்), எந்த ஃபோல்டர், எந்தப் பதிப்பு என்று எல்லாமே ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பும் தரவு ஃபோல்டரும் கையில் இருந்தால் வேறொரு கணினியில் டெபியனும் டாக்கரும் போட்டு, இரண்டையும் நகல் எடுத்து, ஒரே கட்டளையில் மறுபடி எழுப்பிவிடலாம். மதர்போர்டு போனாலும் கலங்க வேண்டியதில்லை. ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பதிப்பு எண்ணை எழுதும் இடத்தில் லேட்டஸ்ட் என்று போடாமல் சரியான எண்ணைப் போடுங்கள். டேட்டாபேஸின் பெரிய பதிப்பு தானாக மாறிவிட்டால் பழைய தரவைத் திறக்க மறுத்துவிடும்.

முதலில் எந்தச் சேவையைப் போடலாம்?

ஒன்றே ஒன்று. உங்களுக்கு நிஜமாகவே தினமும் உதவப்போகிற ஒன்று. பெரும்பாலோருக்கு அது போட்டோ சேமிப்பாகத்தான் இருக்கும், அதற்கு இம்மிச் அருமையான மென்பொருள். கோப்புகளைக் கணினிக்கும் போனுக்கும் இடையே ஒத்திசைக்க மட்டும் என்றால் சின்க்திங், வீடியோ பார்க்க ஜெல்லிஃபின். ஜெல்லிஃபினை எடுத்தால் பிராசசரைக் கவனியுங்கள்: இன்டெல் ஏழாம் தலைமுறையிலிருந்து எச்இவிசி என்கிற சுருக்க முறையில் உள்ள 10 பிட் வீடியோவை வன்பொருளே பிரித்துவிடும், அதற்கு முந்தையதில் அந்தச் சுமை முழுக்க பிராசசர் தலையில் விழுந்து படம் தட்டித் தடுமாறும்.

வீடு முழுக்க விளம்பரத்தைத் தடுக்கும் பை-ஹோல் மிகவும் பிரபலம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அது டிஎன்எஸ் வேலை, அதாவது இணையப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் வேலை என்பதை மறக்கக்கூடாது, அந்தப் பெட்டி நின்றால் வீட்டில் எல்லோருக்கும் இன்டர்நெட்டே போன மாதிரி இருக்கும். நீங்கள் நோண்டிப் பார்க்கிற கணினியில் அதை வைக்காதீர்கள், தனியாக ஒரு சின்னப் பெட்டியில் வைத்து அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். இரண்டாவது டிஎன்எஸ் முகவரியாக வெளியே உள்ள ஒன்றைக் கொடுத்துவைக்கலாமே என்று தோன்றும், ஆனால் முதலாவது செத்தால்தான் இரண்டாவதைக் கேட்பேன் என்று சாதனங்கள் இருப்பதில்லை, இஷ்டத்துக்கு இரண்டிடமும் கேட்கும், விளம்பரமும் வரும்.

வைஃபையில் ஓட்டலாமா?

முடிந்தவரை கேபிள். அதிலும் ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலரைச் சுற்றலில் விடுகிறது. கோப்பு நகல் எடுக்கும்போது வேகம் நொடிக்கு 11 மெகாபைட்டில் அப்படியே நின்று, அதைத் தாண்டவே இல்லையென்றால் டிஸ்கையும் மென்பொருளையும் சந்தேகப்படாதீர்கள். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே ஜோடி போதும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தாலோ முனையில் சரியாகக் கடிக்கப்படாமல் இருந்தாலோ இரு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஈத்டூல் என்ற கட்டளையில் ஸ்பீடு என்ற வரியைப் பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் கேபிளை மாற்றுங்கள். சரியான கேபிளில் 110 மெகாபைட் சுற்றி வரும்.

இன்னொன்று, யூஎஸ்பி 3 டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். டிஸ்கை ரூட்டருக்கு ஒட்டி வைத்தால் வைஃபை தடுமாறும், சற்றுத் தள்ளி வையுங்கள்.

வெளியே இருக்கும்போது எப்படி அணுகுவது? போர்ட்டைத் திறந்துவிடலாமா?

விபிஎன், அதாவது வீட்டுக்குப் போகும் மறைகுறியாக்கிய தனிப் பாதை வழியாக மட்டும். வயர்கார்டு என்ற விபிஎன் 2020-ல் லினக்ஸ் கெர்னல் 5.6-க்குள்ளேயே சேர்ந்துவிட்டது, வேகமானது, அமைப்பதும் எளிது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. வெளியே இருந்து ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது.

தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச்சின் 22-ஆம் போர்ட்டை நேராக இன்டர்நெட்டில் திறந்துவைத்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை லாக்கைப் பார்த்தால் போதும். கொஞ்ச நேரத்திலேயே ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, பை என்று பயனர் பெயர்களாக மாற்றி மாற்றி யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். உங்களைக் குறிவைத்து யாரும் வருவதில்லை. இன்டர்நெட் முழுக்க முகவரி முகவரியாகத் துழாவுகிற தானியங்கி நிரல்கள் அவை. எப்படியும் பாஸ்வேர்டு நுழைவை அணைத்துவிட்டு சாவியை மட்டும் அனுமதியுங்கள். அணைப்பதற்கு முன், திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் இன்னொரு டெர்மினலில் சாவியோடு நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரையும் கீபோர்டும் தேடி ஓட வேண்டிவரும்.

வயர்கார்டை எல்லாம் சரியாக அமைத்தும் இணைப்பு வரவில்லையென்றால் ரூட்டர் பக்கத்தில் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஆரம்பித்தால் உங்கள் இணைப்பு நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது என்று அர்த்தம். ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்றைப் பயன்படுத்துங்கள், அதுவும் வயர்கார்டின் மேல் எழுந்ததுதான். புதிய முகவரி முறையான ஐபிவி6 கிடைத்தால் அதுவும் ஒரு வழி.

ரெய்டு போட்டிருக்கிறேன், பேக்கப் எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நேரம் செலவழித்துப் பதில் சொல்வேன். ஒரு டிஸ்க் செத்தாலும் சேவை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்குத்தான் டிஸ்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு, உதாரணமாக ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதுவது. நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டிலும் பூட்டும். பவர் சப்ளை வெடித்தால் இரண்டும் சேர்ந்து போகலாம். திருட்டு, தண்ணீர், தீ எதுவும் பிரித்துப் பார்க்காது.

பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். வீட்டுக்கு இதை எளிமையாகச் செய்யலாம். சர்வரில் இருப்பது ஒன்று, யூஎஸ்பி டிஸ்கில் இரவில் தானாக எடுக்கப்படுவது ஒன்று, உறவினர் வீட்டிலோ வாடகை மேகச் சேமிப்பிலோ மறைகுறியாக்கி வைப்பது ஒன்று. ரெஸ்டிக், போர்க் இரண்டுமே நல்ல கருவிகள், மாறிய துண்டுகளை மட்டும் சேமிக்கும், பழைய தேதிகளுக்குத் திரும்பிப் போகவிடும். மறைகுறியாக்கத்தின் பாஸ்வேர்டு சர்வருக்குள் மட்டும் இருந்தால் சர்வரோடு அதுவும் போய்விடும், காகிதத்தில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

டேட்டாபேஸ் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக ஒரு கலவை வரும், திறக்காமலே போகலாம். அதனுடன் வரும் பிஜி-டம்ப் கருவியை வைத்து முதலில் ஒரு கோப்பாக எடுத்துவிட்டு, அந்தக் கோப்பை பேக்கப்பில் சேருங்கள். இம்மிச் மாதிரி சேவைகளில் போட்டோ கோப்புகள் தனி, ஆல்பம், முகங்களின் பெயர் எல்லாம் டேட்டாபேஸில் தனி. ஒன்றை மட்டும் எடுத்தால் மீட்பது பாதிதான்.

அப்புறம், மீட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரைப் பேக்கப்பிலிருந்து வேறிடத்துக்கு எடுத்து, நாலு போட்டோவைத் திறந்து பாருங்கள். தினமும் 'வெற்றி' என்று செய்தி அனுப்பிக்கொண்டே காலி ஃபோல்டரை நகல் எடுக்கிற பேக்கப்புகள் உண்டு, டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது ஃபோல்டரோடு இணையாமல், வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்தால் அப்படித்தான் நடக்கும்.

டிஸ்க் போகப்போகிறது என்று முன்னாலேயே தெரியுமா?

பல நேரம் தெரியும், எல்லா நேரமும் தெரியாது. டிஸ்க் தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகளைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், மாற்றக் காத்திருப்பவை, திருத்தவே முடியாதவை என்று வரிசையாக. சுழியமாக இருக்க வேண்டும், ஏற ஆரம்பித்தால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது சாட்டா கேபிள் கோளாறு, மாற்றிவிட்டால் எண் குறையாது, ஆனால் ஏறுவது நின்றுவிடும்.

கரண்ட் போய்த் திரும்பினால் சர்வர் தானாக எழுமா?

எழும்படி செய்ய வேண்டும். மேசைக் கணினி, மினி கணினி என்றால் பயாஸில் மின்சாரம் திரும்பும்போது என்ன செய்வது என்று ஒரு தேர்வு இருக்கும், பவர் ஆன் என்று வையுங்கள். வெளி டிஸ்குகளை மவுண்ட் செய்யும் எஃப்எஸ்டேப் கோப்பில் டிஸ்கின் தனி அடையாள எண்ணைப் போடுங்கள், எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறலாம். கூடவே நோஃபெயில் என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு யூஎஸ்பி டிஸ்க் கழன்றிருந்ததற்காக முழு கணினியும் பூட் ஆகும் நடுவிலேயே நின்று ரூட் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்கும், நெட்வொர்க்கில் அதைத் தொடவே முடியாது.

பழைய கணினியில் மதர்போர்டு மேலுள்ள வட்டப் பேட்டரியையும் கவனியுங்கள், பெரும்பாலும் சிஆர் 2032. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பயாஸ் அமைப்புகளும் தேதியும் மறந்துபோகும். தேதி வருடக்கணக்கில் பின்னால் போய்விட்டால் பாதுகாப்புச் சான்றிதழ் எதுவும் செல்லாது, அப்டேட் ஓடாது, எந்த இணையதளமும் திறக்காது. இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ரூட்டரோடு மல்லுக்கட்டுவார்கள், பத்துப் பைசாத் தேதிதான் காரணமாக இருக்கும்.

நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று. நான் பார்த்தவரை திடீரென்று நிற்கும் சர்வர்களில் இதுதான் முதல் காரணம், பழைய டாக்கர் பிம்பங்களும் லாக்குகளும் மெதுவாகச் சேர்ந்து இடத்தை அடைத்துவிடும். அடுத்து ஐபி முகவரி மாறியிருக்கிறதா, ரூட்டரில் சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்கியிருந்தால் இந்தத் தொல்லையே வராது. எண் முகவரிக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ். இதற்குப் பிறகும் தெரியாவிட்டால் லாக்கைக் கடைசியிலிருந்து படிக்காமல், பிழை முதன்முதலாக வந்த நேரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து படியுங்கள். பின்னால் வருகிற நூறு வரியும் அந்த முதல் வரியின் எதிரொலிதான்.

சொந்தமாக மெயில் சர்வர்?

கற்றுக்கொள்ள என்றால் சரி. உங்கள் வங்கியும் வேலையும் நம்பியிருக்கிற முகவரிக்கு வேண்டாம். பல வீட்டு இணைப்புகளில் மெயில் போகும் 25-ஆம் போர்ட் மூடியிருக்கும், அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் சரியாக இருந்தும் வீட்டு ஐபியிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பேமில் தள்ளிவிடும், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டில் மற்றவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே?

தெரியத் தேவையில்லை, ஆனால் ஒரு தாள் வேண்டும். எந்தப் பெட்டி என்ன செய்கிறது, எதை அணைத்து எதை முதலில் போடுவது, போட்டோக்கள் எந்த டிஸ்கில் இருக்கின்றன, பேக்கப் பாஸ்வேர்டு எங்கே, நீங்கள் ஊரில் இல்லாதபோது யாரைக் கூப்பிடுவது. அதோடு பேக்கப் டிஸ்கில் போட்டோக்களின் ஒரு பிரதியாவது எந்தக் கணினியில் செருகினாலும் திறக்கும் சாதாரணக் கோப்புகளாக இருக்கட்டும். வீட்டுப் போட்டோக்களைப் பார்க்க யாரும் லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டிய நிலை வரக்கூடாது.

பழைய டிஸ்கை யாருக்காவது கொடுக்கலாமா?

அழித்துவிட்டுக் கொடுங்கள். விரைவாக ஃபார்மட் செய்வது போதாது, அது பட்டியலை மட்டும் அழிக்கும், தரவு அப்படியே கிடக்கும். சுழலும் டிஸ்க் என்றால் முழுவதும் ஒருமுறை சுழியம் எழுதினால் போதும், டெராபைட் கணக்கில் இருந்தால் பல மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டியில் இது நம்பகமானதல்ல, எழுதும் இடத்தை அது தனக்குள்ளேயே மாற்றிக்கொண்டிருக்கும், அதனால் டிஸ்கின் சொந்த அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். இந்த வேலை எல்லாம் வேண்டாமென்றால் புது டிஸ்கை முதல் நாளே லக்ஸ் என்ற லினக்ஸ் மறைகுறியாக்க வசதியைப் போட்டு மறைகுறியாக்கி விடுங்கள், செத்துப்போய் அழிக்கக்கூட முடியாத டிஸ்கையும் அப்போது பயமில்லாமல் கொடுக்கலாம்.